என்மேலயும் எறிங்க

மெத்தைத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். மெத்தையின் நாலு விளிம்பையும் சுற்றிப் பட்டி வைத்துத் தைக்கிற பெரிய மெஷின் அவளுடையது. அந்தப் பெயர் மெஷினால் வந்ததா, அவளுடைய வாயால் வந்ததா என்பதில் தொழிற்சாலையில் இரண்டு கட்சி உண்டு. அவளைக் கேட்டால், "ரெண்டும் குத்தும், தள்ளி நில்லு" என்பாள்.

ஒரு வருஷத்துக்குக் கிட்ட லீவில் இருந்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பி வந்தாள். புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள். முடியெல்லாம் கொட்டி, மறுபடி முளைத்தபோது, பிறந்ததிலிருந்து நேராக இருந்த முடி சுருள் சுருளாக வந்தது. "ஆஸ்பத்திரிக்காரங்க தலையை மாத்திக் குடுத்துட்டாங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் வாசலுக்குள் நுழைந்தாள். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை. எல்லாரும் கண் கலங்கி நின்றார்கள். அவளுடைய ஸ்டூலில் யாரோ ஒரு மெத்தைத் துண்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் அவளோடு வாய்ச்சண்டை போட்டால்தான் சோறு செரிக்கும் என்று இருந்தவர்கள், இப்போது அவள் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினார்கள்.

சூப்பர்வைசர்தான் கொடுமை. நூல் ஒரு இழை பிசிறினால்கூட வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற ஆள். அவரைச் சோதித்துப் பார்க்கவே ஒரு நாள் அவள் ஒரு விளிம்பைப் பாம்பு ஊர்ந்த மாதிரி கோணலாகத் தைத்து வைத்தாள். அவர் வந்தார், பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

"சார், கண்ணைத் தொறந்து பாருங்க. இது மேல படுத்தா ஆளே உருண்டு கீழ விழுந்துருவான்."

"பரவாயில்லம்மா, நீ மெதுவா பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளே உட்கார்ந்து முழு விளிம்பையும் பிரித்துத் திரும்பத் தைத்தாள். பிரிக்கப் பிரிக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் அவளை உண்மையில் சுட்டது வேறு. அது டாட்ஜ்பால்.

அந்தத் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் என்றால் டிபன் பாக்ஸைத் திறந்து மூடுகிற நேரம் போக மிச்சமெல்லாம் டாட்ஜ்பால்தான். லாரி ஏற்றுகிற முற்றத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். கோட்டின்மேல் ஆறு பந்து. விசில் அடித்ததும் ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி, எதிராளிமேல் எறிய வேண்டும். கழுத்துக்குக் கீழே எங்கே பட்டாலும் பட்டவர் அவுட். தலையில் அடித்தால் அடித்தவரே அவுட். எறிந்த பந்து தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டால் எறிந்தவர் அவுட், அதோடு பிடித்தவருடைய கட்சியில் முதலில் வெளியே போனவர் உள்ளே வந்துவிடலாம். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அவனவனே அவுட். யார் பக்கம் ஆளே இல்லாமல் போகிறதோ அவர்கள் தோற்றார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. பந்தும் கடையில் வாங்கியது இல்லை. வெட்டி மிச்சமான பஞ்சைத் திணித்து, மெத்தைத் துணியில் உறை போட்டு, ஊசி தைத்துக் கொடுத்தது. போட்டி என்று வந்தால் மட்டும் நிஜமான ரப்பர் பந்து. அது பட்டால் விரல் பதிந்த மாதிரி சிவக்கும்.

இது எங்கிருந்து வந்த விளையாட்டு என்று ஒரு நாள் பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்தக் காலத்துப் போர்வீரர்கள் கல்லை எறிந்து பழகியதுதான் இப்படி ஆனது என்றார் வாட்ச்மேன். பையன்களை ஓட வைத்துக் களைப்பாக்க எவனோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கண்டுபிடித்த தந்திரம் என்றான் பஞ்சு வெட்டுகிறவன். அவனை எல்லாரும் பஞ்சு என்றே கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான், உருண்டையாக, எங்கே தொட்டாலும் அமுங்குகிறவன். சூப்பர்வைசர் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கான், ஒருத்தனுக்கும் சரியாத் தெரியலை" என்றார். அப்போது ஊசிதான் வழக்கை முடித்து வைத்தாள்: "ஒரு அம்மா செருப்பைக் கழட்டி வீசியிருப்பா. எந்தப் புள்ளை முதல்ல குனிஞ்சுதோ அதுதான் கண்டுபிடிச்சுது. போங்க, போய் வேலையைப் பாருங்க."

எங்கிருந்து வந்தாலும், வந்தது அந்தத் தெருவைப் பிடித்துக்கொண்டது. உயரம் வேண்டாம், தனி உடுப்பு வேண்டாம், ஒல்லி, குண்டு, ஆண், பெண் எல்லாரும் சேர்ந்து ஆடலாம். மேலதிகாரியைப் பந்தால் அடிக்கலாம், அவரும் சிரித்துக்கொண்டே வெளியே போக வேண்டும். இதைவிட என்ன வேண்டும்? மெத்தைத் தொழிற்சாலையைப் பார்த்து பிஸ்கட் தொழிற்சாலை ஆட ஆரம்பித்தது, அதைப் பார்த்து கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை, பிறகு தீயணைப்பு நிலையம். இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்து உள்ளரங்கத்தில் போட்டியே நடக்கிறது.

ஊசி நல்ல ஆட்டக்காரி. எறிவதில் சுமார்தான். ஆனால் விலகுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், திரும்பி வந்த அன்று முற்றத்தில் இறங்கினாள். விசில் அடித்தது. பந்துகள் அவளுக்கு வலப்பக்கம் பறந்தன, இடப்பக்கம் பறந்தன, பின்னால் இருந்தவர்கள்மேல் பட்டன. அவள்மேல் ஒன்றுகூட வரவில்லை. வேண்டுமென்றே கோட்டுக்கு ஒட்டி நின்றாள். அப்போதும் வரவில்லை. நடு முற்றத்தில் நட்டு வைத்த தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். ஆட்டம் அவளைச் சுற்றி நடந்து முடிந்தது.

"ஏன்டா பஞ்சு, எம்மேல எறிய மாட்டியா?"

"கை வரலைக்கா" என்றான் பஞ்சு, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

போட்டிக்கு ஆள் எடுக்கிற நேரம் வந்தது. அணிக்குத் தலைவர், மெத்தைக் கட்டுகளை வண்டியில் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். எல்லாருக்கும் கேப்டன். அவர் ஆறு பேர் பெயரைச் சொன்னார். ஏழாவதாக, "ஊசி ஸ்கோர் எழுதட்டும்" என்றார்.

"எழுத மாட்டேன்."

"அதுவும் பொறுப்பான வேலைதான்..."

"பொறுப்பான வேலைன்னா நீங்க எழுதுங்கண்ணே. என் இடத்துல நான் ஆடறேன். டாக்டரம்மாவையே கேட்டுட்டேன். புண்ணெல்லாம் ஆறிப்போச்சு, ஓடு, எறி, பிடி, இடது கைக்கு நல்லதுதான்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்? ஃபோர்க்லிஃப்ட்ல வச்சு எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கேப்டன் தாடையைச் சொறிந்தார். கடைசியில் ஆறில் ஒரு பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைச் சேர்த்தார்.

அந்த இடது கையை அவள் எப்படி மீட்டாள் என்பது வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை தோளுக்குமேல் எழும்பவே இல்லை. விரல்களைச் சுவரில் வைத்து, சிலந்தி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்தப் பழகச் சொன்னார்கள். தினமும் ஏற்றினாள். அக்குளில் கயிற்றை வைத்து இழுக்கிற மாதிரி வலிக்கும். சுவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஏற்றினாள். அப்போது பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று சொன்னவள் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பெட்டி தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை. ஆட்டத்தில் அவளுக்கு பீரங்கி என்று பெயர். எறிந்தால் குறி தப்பாது. ஊசி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இந்த பீரங்கிதான் வேலை முடிந்த கையோடு வந்து அவளைக் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள். பிறகு வார முடி இல்லாமல் போனபோது தலையில் எண்ணெய் தடவிவிட்டாள். அவளுடைய சொந்த அண்ணன், அதாவது ஊசியின் வீட்டுக்காரர், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர், எந்த மோட்டாரையும் பிரித்து மாட்டிவிடுவார், ஆனால் பெண்டாட்டியின் புண்ணுக்குக் கட்டுப் பிரித்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுவார். அதனால் எல்லாம் தங்கைதான்.

போட்டியில் கடைசி ஆட்டம் மெத்தைக்கும் பாட்டிலுக்கும் என்று ஆனது. மூன்று செட். இரண்டை யார் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. தீயணைப்பு நிலையத்தின் பெரியவர் ஒருவர் நடுவர். உள்ளரங்கத்தின் மரத்தரை, மேலே கம்பி வலை போட்ட விளக்குகள், சுவரோரம் பெஞ்சுகள், வியர்வை வாடை. முன்வரிசையில் ஊசியின் வீட்டுக்காரர். ஒரு கையில் குடை, மறு கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், மடியில் துண்டு, மாத்திரைப் பை. உள்ளரங்கத்துக்குள் எதற்குக் குடை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது.

முதல் செட் ஆரம்பித்தது. பந்துகள் மரத்தரையில் அறைந்தன. மெத்தைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள், பாட்டில்காரர்களும்தான். ஊசி குனிந்தாள், துள்ளினாள், பக்கவாட்டில் சறுக்கினாள். கூட்டம் கத்தியது. ஒரு வருஷம் படுக்கையில் கிடந்த உடம்பா இது என்று அவளுக்கே தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியில் மெத்தைப் பக்கம் அவள் ஒருத்திதான் நின்றாள். எதிரே நாத்தனாரும், ஒரு நெட்டையனும்.

நெட்டையன் எறிந்தான். பந்து பூனைக்குட்டி மாதிரி மெல்ல வந்து அவள் காலடிக்கு முன்னாலேயே விழுந்தது. அதை எடுத்து அவன்மேலேயே எறிந்தாள். அவன் விலகவே இல்லை. தொடையில் வாங்கிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி வெளியே போனான்.

மிச்சம் நாத்தனார். கையில் பந்து. இடையில் நாலு எட்டு தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தில் அவள் எறிந்து தப்பி யாரும் பார்த்ததில்லை. நாத்தனார் கையை ஓங்கினாள், எறிந்தாள். பந்து ஊசிக்கு ஒரு ஆள் தள்ளிப் பறந்து போய்ச் சுவரில் மோதியது.

அந்தப் பந்து அவள்மேல் படவில்லைதான். ஆனால் ஊசிக்கு வயிற்றில் வாங்கிய மாதிரி இருந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். குளியலறையில் தன் எடை முழுவதையும் தாங்கிய கை. அது தவறாது. இதுவரை குனிந்ததும் துள்ளியதும் எல்லாம் எதற்கு? வராத பந்துக்கா?

கூட்டம் "எறி ஊசி, எறி!" என்று கத்தியது. அவள் காலடியில் ஒரு பந்து இருந்தது. எடுத்து எறிந்தால் நாத்தனார் விலக மாட்டாள், செட் மெத்தைக்கு. கேப்டன் வெளியே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஊசி பந்தைத் தொடவில்லை. நேராக நடந்தாள். நடுக்கோட்டைத் தாண்டி வலது காலை வைத்தாள். இடது காலையும் வைத்தாள். நடந்து போய் நாத்தனாரின் மூக்குக்கு முன்னால் நின்றாள்.

விசில் அடித்தது. "கோட்டைத் தாண்டியாச்சு, அவுட்! செட் பாட்டிலுக்கு!" என்றார் நடுவர். தான் சொன்னதைத் தானே நம்ப முடியாத மாதிரி விசிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள் ஊசி.

நாத்தனார் தரையைப் பார்த்தாள். "அண்ணன்தான்... உங்க கேப்டனையும் பாத்துப் பேசிட்டாரு அண்ணி. எங்க ஆளுங்க கிட்டயும். எல்லாரும் சரின்னுட்டாங்க. நல்ல மனசுலதான்..."

"நீ?"

"எனக்கு யாரும் சொல்லவே வேணாம். உங்களைத் தூக்கி உக்கார வச்ச கை இது. இந்தக் கையால உங்க மேல எப்படி எறியறது?"

"அந்தக் கையாலதான் எறியணும்" என்றாள் ஊசி. "வேற எவ எறிஞ்சாலும் எனக்கு வேணாம். நீ தூக்கி உக்கார வச்சது நான் எழுந்து ஓடறதுக்குத்தானே? இல்ல, காலத்துக்கும் பொம்மை மாதிரி உக்காந்திருக்கிறதுக்கா? உங்க ஃபாக்டரியில பண்ணின பாட்டில்னு நெனச்சியா என்னை, தட்டினா ஒடையறதுக்கு?"

நாத்தனாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஊசி நின்று துடைக்கவில்லை, திரும்பிவிட்டாள்.

இதற்குள் கேப்டன் ஓடி வந்துவிட்டார். முகம் அடுப்பாகச் சிவந்திருந்தது. "கைக்கு வந்த செட்டைத் தூக்கிக் குடுத்துட்டியே! புத்தி கித்தி இருக்கா உனக்கு?"

"அப்பாடா, ஒரு வருஷம் கழிச்சு ஒரு ஆள் என்னைத் திட்டறாரு. இன்னும் ரெண்டு திட்டுங்கண்ணே, காது குளிருது. ஆனா ஒண்ணு. ஜெயிக்கிறதுன்னா எறிஞ்சு ஜெயிப்போம். என் ஆபரேஷனைக் காட்டிக் கோப்பை வாங்கறதா இருந்தா, அந்தக் கோப்பையில நீங்களே தண்ணி குடிச்சுக்குங்க."

கேப்டன் காலால் தரையை உதைத்துவிட்டுத் தன் பக்கம் போனார்.

அடுத்தது வீட்டுக்காரர். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்ற ஆரம்பித்திருந்தார்.

"ஏங்க, நீங்க வீடு வீடாப் போய்ச் சொன்னீங்களா?"

"கோவப்படாதம்மா. உனக்கு ஒண்ணுன்னா..." மூடியில் தண்ணீர் தளும்பியது. "அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் பட்டது எனக்குத்தான் தெரியும். உன் மேல வேகமா காத்து அடிச்சாக்கூட எனக்குத் தாங்கலை. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

அவர் சொன்னது பொய் இல்லை. அவளுக்கும் தெரியும். ஒரு கணம் அவளுடைய கோபம் தளர்ந்தது. அப்படித் தளர்ந்ததுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வீட்டில் தண்ணீர்க் குடத்தை ஒளித்து வைத்தது, அவள் தும்மினால் டாக்டருக்குப் போன் போட்டது, படுக்கையில் அவள் பக்கம் திரும்பாமலே ஓரமாக ஒடுங்கிப் படுத்தது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

அவள் சட்டைக்குள் கையை விட்டாள். இடது பக்கம் வைத்திருந்த திண்டை வெளியே எடுத்தாள். தொழிற்சாலைப் பஞ்சில் அவளே அளவு பார்த்து வெட்டி, மெல்லிய துணியில் உறை போட்டுத் தைத்தது. முழு அரங்கத்தின் கண்ணும் அவள்மேல் இருந்தது. அவள் சட்டை ஒரு பக்கம் தட்டையாகச் சரிந்தது. அந்தத் திண்டை வீட்டுக்காரருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எதையாவது பத்திரமாப் பாத்துக்கணும்னா இதைப் பாத்துக்குங்க. ஓடறப்ப நகருது, தொந்தரவா இருக்கு. என்னை நான் பாத்துக்கறேன்."

பின்வரிசையில் ஒரு பெண் சத்தமாக விசில் அடித்தாள். ஊசி திரும்பி அரங்கத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"பாத்தாச்சா? நல்லாப் பாத்துக்குங்க. இங்க ஒண்ணுமில்ல, இனிமே போறதுக்கும் ஒண்ணுமில்ல. கையில பந்து இருக்கிறவன் என்மேலயும் எறிங்க. எறியாதவனுக்கு எங்கிட்ட வாயாலதான் அடி!"

எங்கோ ஒரு மூலையில் ஆரம்பித்த சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. நடுவர் விசிலைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது செட். விசில் அடித்ததும் நாத்தனார்தான் முதலில் கோட்டை அடைந்தாள். பந்தை எடுத்துக்கொண்டு பின்வாங்கினாள். ஊசியைப் பார்த்தாள். ஊசி முகவாயை ஒரு தரம் மேலே தூக்கினாள், எறி என்கிற மாதிரி. நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள்.

பந்து வந்ததை ஊசி பார்த்தாள். விலகக் கால் எடுக்கும் முன்பே வலது தொடையில் பளாரென்று அறைந்தது. சத்தம் கூரை வரை போனது. தொடை தீயாக எரிந்தது. அவள் ஒரு காலில் நொண்டிக்கொண்டே ஒரு சுற்று சுற்றினாள்.

வீட்டுக்காரர் குடையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"உக்காருங்க!" என்று அங்கிருந்தே விரலை நீட்டினாள் ஊசி.

உட்கார்ந்தார்.

அவள் கையைத் தூக்கி, "அவுட்!" என்று நடுவருக்கு முன்னால் தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். அவுட் ஆனதற்கு இவ்வளவு பெருமைப்பட்டவளை அந்த அரங்கம் பார்த்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து தொடையைத் தேய்த்தாள். எரிச்சல் குறையக் குறைய, இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று தோன்றியது. நாத்தனார் அங்கிருந்து கவலையோடு பார்த்தாள். "சூப்பர்!" என்று ஊசி கட்டை விரலைக் காட்டினாள். அதன் பிறகு நாத்தனார் முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தோடு அடுத்தடுத்து இரண்டு மெத்தைக்காரர்களை வெளியே அனுப்பினாள்.

ஆட்டம் கை நழுவிப் போகிற நேரத்தில் பஞ்சு ஒரு காரியம் செய்தான். நெட்டையன் எறிந்த பந்து அவன் தொப்பையில் வந்து விழுந்தது. அமுங்கியது. எழும்பி விழுவதற்குள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். "பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்!" என்று குழந்தை மாதிரி கத்தினான். நெட்டையன் வெளியே. மெத்தையில் முதலில் அவுட் ஆனவர் உள்ளே. முதலில் அவுட் ஆனது ஊசிதான்.

நொண்டிக்கொண்டே உள்ளே ஓடினாள். இப்போது பந்துகள் அவளை நோக்கியும் வந்தன. ஒன்று காதோரமாகச் சீறிக்கொண்டு போனது. ஒன்றுக்குத் தரையோடு தரையாகப் படுத்தாள். மரத்தரையின் மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. எழுந்தாள். இதற்குள் பஞ்சும் மற்றவர்களும் போய்விட்டார்கள், மறுபடி அவள் ஒருத்தி. எதிரே நாத்தனார் ஒருத்தி.

நாத்தனார் இந்தத் தடவை யோசிக்கவில்லை. முழு பலத்தையும் தோளில் வைத்து வீசினாள். பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. விலக நேரமில்லை. ஊசி இரண்டு கையையும் தூக்கினாள். இடது கை, சுவரில் சிலந்தியாக ஏறிய அந்தக் கை, இழுத்தது, வலித்தது, ஆனால் வந்தது. பந்து இடது பக்கம், தட்டையான இடத்தில், தழும்பின்மேல் மோதியது. இரண்டு கையும் அதன்மேல் மூடிக்கொண்டன. பின்னால் மூன்று எட்டு தள்ளாடிப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பந்து தரையைத் தொடவில்லை.

நடுவர் விசில் அடித்து, செட் மெத்தைக்கு என்றது யாருக்கும் கேட்கவில்லை. கேப்டன் கோபத்தை மறந்து குதித்தார். வீட்டுக்காரர் பெஞ்சுமேல் ஏறி நின்று, கையில் இருந்த திண்டைத் தலைக்குமேல் ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். தான் என்ன ஆட்டுகிறோம் என்பது தெரிந்ததும் சட்டென்று கையை இறக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி தூக்கி ஆட்டினார்.

நாத்தனார் ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கினாள். "வலிக்குதா அண்ணி?"

"வலிக்குதுடி, நல்லா வலிக்குது. உன் கைக்கு என்ன போட்டு வளத்தாங்க?" என்றாள் ஊசி. மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது.

மூன்றாவது செட்டில் மெத்தை தோற்றது. அதை அழகுபடுத்திச் சொல்ல ஒன்றுமில்லை. கேப்டன் ஆரம்பத்திலேயே கோட்டை மிதித்துப் போனார். ஊசி எறிந்த பந்தை நாத்தனார் ஒற்றைக் கையால், பழம் பறிக்கிற மாதிரி பிடித்துவிட்டாள். கோப்பை பாட்டில் தொழிற்சாலைக்குப் போனது. முதல் செட்டை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் மெத்தைக்கு வந்திருக்கும் என்று கணக்குப் போடாத ஆள் இல்லை. வேனில் திரும்பி வரும்போது கேப்டன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மன்னிப்பு கேப்பேன்னு எதிர்பாக்காதீங்கண்ணே" என்றாள் ஊசி, பின்சீட்டிலிருந்து.

அவர் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

அன்று வீட்டில் வீட்டுக்காரர் தைலத்தை எடுத்து வந்து தொடையருகில் உட்கார்ந்தார். கறுத்துச் சிவந்து, பந்தின் வரிகூடப் பதிந்திருந்தது. தடவலாமா வேண்டாமா என்று கை தயங்கியது. "பயப்படாம அழுத்தித் தேய்ங்க" என்றாள் அவள். தேய்த்தார். கொஞ்சம் கழித்து நெஞ்சுத் தழும்பையும் பார்க்கிறேன் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அதை நேராகப் பார்த்ததே இல்லை. கதவுக்குப் பின்னால் போகாமல், விளக்கை அணைக்காமல், உட்கார்ந்து பார்த்தார். அழுதார்தான். ஆனால் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஊசி அவரை அழவிட்டாள். அதற்கு மேல் அந்த அறையில் நடந்தது அவர்கள் இருவருக்கும் உரியது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் உடைமாற்றும் அறையில் தொடைக் காயத்தைப் பார்க்க வரிசை நின்றது. ஊசி கஞ்சத்தனம் பண்ணாமல் எல்லாருக்கும் காட்டினாள். சூப்பர்வைசர் காலையிலேயே வந்து, "நூல் இழுவை சரியில்லை, என்ன தைக்கறே நீ?" என்று கத்திவிட்டுப் போயிருந்தார். அவளும் சரிக்குச் சரி கத்தினாள். இரண்டு பேருக்கும் அன்று முகம் மலர்ந்திருந்தது.

முற்றத்துக்கு வந்தாள். கேப்டன் இன்னும் பேசவில்லை. எதிர்ப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எங்கோ பார்த்தார். பஞ்சு விசில் அடித்தான். அடித்து முடிக்கும் முன்பே கேப்டன் ஒரு பந்தை எடுத்து, தோற்றுப்போன கோப்பையின் ஆத்திரம் முழுவதையும் சேர்த்து, அவள் இடுப்பைப் பார்த்து வீசினார்.

ஊசி விலகினாள். பந்து பின்னால் நின்ற லாரியின் சக்கரத்தில் பட்டு உருண்டது.

"இவ்வளவுதானா அண்ணே?" என்று கத்திக்கொண்டே அவள் அதை எடுக்க ஓடினாள்.